ஒரு பல் அளவுத் திருகு

வீட்டின் முன்னறையில் ஒரு மோட்டார் சைக்கிள் குடியிருந்தது. வாடகை கொடுக்கவில்லை, வேலைக்கும் போகவில்லை. ஆனாலும் அந்த வீட்டில் அதற்கு இருந்த மரியாதை வேறு யாருக்கும் இல்லை. மழை வந்தால் வீட்டுக்காரர் முதலில் ஓடிப்போய் அந்த அறையின் ஜன்னலைத்தான் மூடுவார். கொடியில் காய்கிற துணி நனைந்தால் அது துணியின் தலையெழுத்து.

அந்த வண்டியைச் செய்த கம்பெனியை அவர் பிறப்பதற்கு முன்பே இழுத்து மூடிவிட்டார்கள். ஒரு கோழிப் பண்ணையின் பின்பக்கம் முட்டை அட்டைகளுக்கு அடியில் கிடந்ததைக் கண்டெடுத்து, கல்யாணப் பெண்ணை அழைத்து வருகிற பவ்வியத்தோடு கொண்டுவந்தார். நிஜக் கல்யாணத்தில் அவ்வளவு பவ்வியம் இல்லை என்பது அவருடைய மனைவியின் கருத்து.

சோப்புக் கம்பெனியில் அவருக்கு விற்பனை மேற்பார்வை வேலை. பகலெல்லாம் கறையைப் போக்குவது பற்றிப் பேசிவிட்டு, சாயங்காலம் வந்து கிரீஸில் கையை விட்டால்தான் மனிதருக்கு உயிர் வரும். வண்டியிலும் ஒரு குறை இல்லை. இன்ஜின் ஓடியது, விளக்கு எரிந்தது, பிரேக் பிடித்தது.

"அப்புறம் என்னங்க பாக்கி?" என்று அவள் கேட்டாள்.

அவர் டூல் பாக்ஸைத் தொட்டுக் காட்டினார். அதன் மூடியை இறுக்குகிற திருகைக் காணோம். தலையில் சிறகு விரித்த பறவை முத்திரை போட்ட திருகு அது. மொத்தமே ஒரு கடைவாய்ப் பல் அளவு இருக்கும்.

"ஒரு சாதாத் திருகைப் போட்டு மூடுங்களேன்."

"சாதாத் திருகா?" அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அப்புறம் இது வேற வண்டி ஆயிடும்மா."

அவளுக்கு அந்த அறை வேண்டும். ஆசைக்கு அல்ல, பிழைப்புக்கு. பல் டாக்டர்கள் அனுப்புகிற அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் செய்கிற லேபில் அவளுக்கு வேலை. லேப் முதலாளி மாதக் கடைசியோடு கடையை மூடிவிட்டு மகன் வீட்டோடு போகிறார். "நீங்களே தனியா ஆரம்பிச்சிடுங்கம்மா, எங்க வேலையெல்லாம் உங்களுக்குத்தான்" என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். ஒன்றாம் தேதி மேஜை போட்டு உட்கார ஓர் இடம் இருந்தால் தொழில் உண்டு. இல்லாவிட்டால் அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். பல் போனவர்கள் எத்தனை நாள் கஞ்சி குடித்துக்கொண்டு காத்திருப்பார்கள்?

வீட்டுக்காரர் மறுக்கவே இல்லை. தங்கமான மனிதர். "வண்டி முடிஞ்ச அன்னைக்கே ரூம் உனக்கு" என்று வாக்குக் கொடுத்திருந்தார். முதலில் ஹெட்லைட் வளையத்துக்காக அந்த வாக்கு காத்திருந்தது, அப்புறம் சீட் ஸ்பிரிங்குக்காக, அப்புறம் ஹாரன் பொத்தானுக்காக. ஒவ்வொன்றாகக் கிடைத்து, கடைசியில் இந்தத் திருகில் வந்து நின்றது. அவளுடைய எதிர்காலம் முழுவதும் ஒரு பறவை முத்திரையின் காலடியில் கிடந்தது.

இதற்கெல்லாம் மேலே ஒரு நீதிபதி இருந்தார். பழைய வண்டிக்காரர்கள் சங்கத்தின் தலைவர். எல்லோருக்கும் அவர் ஒரிஜினல் அண்ணன். சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, பூதக்கண்ணாடி இருக்கும். ஒரு வண்டி முடிந்துவிட்டது என்று அவர் வாயால் சொன்னால்தான் முடிந்ததாகக் கணக்கு. 'டூப்ளிகேட்' என்ற சொல்லை, சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் சொல்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக் கூட்டம் அவர் வீட்டில் நடந்தது. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்ததால் அவளும் போனாள். வாசலிலேயே அண்ணன் வாய் நிறையச் சிரித்து, "வா தங்கச்சி" என்றார். அவள் அப்படியே நின்றுவிட்டாள். முன்னால் தெரிந்த பல் நாலும் அவள் செய்தவை.

அந்தத் தொழிலில் அப்படித்தான். பல் செய்கிறவர் வாயைப் பார்ப்பதில்லை, வாய்க்குச் சொந்தக்காரருக்குப் பல் செய்தவரைத் தெரியாது. பிளாஸ்டர் மாவில் வார்த்த அச்சு மட்டும் வரும், பல் மட்டும் போகும். ஆனால் பெற்றவளுக்குப் பிள்ளையைத் தெரியாதா? இடப்பக்கத்துப் பல்லின் ஓரத்தில் மெல்லிய ஒரு காப்பிக் கறை தெரிந்தது. அதைத் தீட்டியவளே அவள்தான். பக்கத்தில் இருக்கிற சொந்தப் பல்லோடு ஒத்துப்போக வேண்டும், அதுதான் அந்தத் தொழிலின் மொத்த ரகசியமும். வெள்ளை வெளேரென்று செய்து கொடுப்பது பெரிய காரியமே இல்லை.

முற்றத்தில் அண்ணனுடைய வண்டி நின்றது. அவள் வீட்டில் குடியிருக்கிற அதே ரகம். டூல் பாக்ஸில் பறவை சிறகை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு யோசனை வந்துவிட்டது.

அடுத்த கூட்டத்துக்குக் கைப்பையில் அச்சு எடுக்கிற மாவோடு போனாள். அண்ணன் வீட்டுக்குள்ளே டயரில் வெட்டியிருக்கிற பூவின் ஒரிஜினல் லட்சணங்களைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். ஆண்கள் கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது. அவள் முற்றத்துக்கு வந்து, மாவைப் பிசைந்து, திருகின் தலையில் அழுத்திப் பிடித்தாள். "அசையாதீங்க, எச்சில் முழுங்காதீங்க" என்று டாக்டர்கள் சொல்வது ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது. வண்டி சொன்ன பேச்சு கேட்டது. மனிதர்கள் அவ்வளவு ஒத்துழைப்பதில்லை.

மூடப்போகிற லேபில், கடைசி வேலையாக அந்தத் திருகைச் செய்தாள். மெழுகில் வடித்து, பல்லுக்கு ஊற்றுகிற அதே உலோகத்தை ஊற்றி, சிறகின் ஒவ்வொரு இறகையும் கீறினாள். தண்டுக்குக் கடையில் கிடைக்கிற சாதாத் திருகை வெட்டி ஒட்டினாள். புதுமெருகோடு அது பல்லிளித்தது. விடுவாளா? தேய்த்து, கறுக்க வைத்து, மறுபடியும் தேய்த்து, நூறு கைகள் திறந்து மூடிய திருகு போல ஆக்கினாள். பிறகு பழைய சாமான் கடைக்காரரிடம் கொண்டுபோனாள். வாரம் தவறாமல் வீட்டுக்காரர் அங்கே போய்த் திருகு டப்பாக்களைக் கிளறுவது வழக்கம்.

"இதை ஒரு டப்பாவுல போட்டு வைங்க. அவரே கண்டுபிடிக்கட்டும்."

"அக்கா, உங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சிட்டா?"

"அவருக்குத் திருகு மட்டும்தான் தெரியும். நீங்க தைரியமா இருங்க."

அந்த வாரமே வீட்டுக்காரர் தெருமுனையிலிருந்து கத்திக்கொண்டு வந்தார். "கிடைச்சிடுச்சும்மா! கிடைச்சிடுச்சு!" உள்ளங்கையில் திருகை வைத்துக்கொண்டு விளக்கடியில் உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது. "பாரு, இறகைப் பாரு. ஒவ்வொண்ணா கீறியிருக்கான். ரசிச்சு செஞ்சிருக்கான்மா. இந்த மாதிரி வேலைக்காரன் இனிமே பொறக்க மாட்டான்."

கல்யாணமான நாள் முதல் அவள் செய்த வேலையை அவர் கையில் எடுத்துப் பார்த்தது இதுதான் முதல் தடவை. வீட்டுக்குக் கொண்டுவந்து செய்த பல் செட்டைப் பார்த்தால், "சாப்பிடுற இடத்துல இது எதுக்கு, எடு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர். இப்போது அவரே அவள் கீறிய இறகை எண்ணிக்கொண்டிருந்தார். அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. பிறக்கவே போகாத அந்த வேலைக்காரன் மேல் அவளுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

மறுநாள் நீதிபதி வந்தார். பூதக்கண்ணாடியை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, பக்கா ஒரிஜினல். இந்தத் தேய்மானத்தை எவனாலயும் செய்ய முடியாது. காலம்தான் செய்யும்."

காலம் காப்பித் தட்டோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தது.

"அப்ப வண்டி முடிஞ்சுது, இல்லைங்க?" என்றாள்.

அண்ணன் வண்டியைச் சுற்றி வந்தார். உதட்டைப் பிதுக்கினார். "அதுல ஒரு சிக்கல் இருக்கு. இந்தத் திருகுக்குப் பக்கத்துல வச்சுப் பார்த்தா, மத்த சாமான்லாம் பளபளன்னு டூப்ளிகேட் மாதிரி தெரியுது. எல்லாத்தையும் கழட்டி, மறுபடி ஆரம்பிக்கணும், தம்பி."

வீட்டுக்காரர் முகத்தில் வருத்தமே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட பையன் மாதிரி நின்றார். "ஆமாண்ணே, எனக்கும் அதே உறுத்தல்தான். ஸ்பேனர் எடுத்துட்டு வரேன்" என்று கொல்லைப்பக்கம் ஓடினார்.

தன் கையாலேயே தன் அறைக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டோமே என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. காப்பியை நீட்டினாள்.

"அண்ணே, காப்பியைப் பார்த்துக் குடிங்க. இடப்பக்கத்துப் பல்லுல ஏற்கெனவே ஒரு கறை இருக்கு. நான் போட்டதுதான்."

அண்ணனின் வாய் சட்டென்று மூடிக்கொண்டது. உதட்டைத் திறக்காமலே, "யாரு சொன்னா?" என்றார்.

"யாரும் சொல்லலை. முன்னால நாலும் நான் செஞ்சது. பக்கத்துல இருக்கிறதோட ஒத்துப்போகணும்னு பாடுபட்டேன். சங்கத்துல ஒருத்தருக்கும் தெரியலையே, அதுவே எனக்குப் பெருமை."

"தங்கச்சி, இதையெல்லாம் வெளிய..."

"சே, வெளிய சொல்ற பழக்கம் எங்க தொழில்ல கிடையாதுண்ணே. ஆனா பாருங்க, ஒண்ணாம் தேதிக்கு இந்த ரூம் கிடைக்கலைன்னா எனக்குத் தொழிலே கிடையாது. தொழில் இல்லாதவளுக்குத் தொழில் பழக்கம் எதுக்கு?"

சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். கொஞ்சம் கூசவும் செய்தது. சொன்னதைத் திரும்ப வாங்குகிற அளவுக்குக் கூசவில்லை.

வீட்டுக்காரர் ஸ்பேனர் பெட்டியோடு வந்தபோது தீர்ப்பு மாறியிருந்தது.

"தம்பி, பொறு. மறுபடியும் நல்லாப் பார்த்தேன்." அண்ணன் கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு பேசினார். "எல்லாம் ஒத்துத்தான் போகுது. வண்டி முடிஞ்சுது. இன்னைக்கே வெளிய எடு, காத்து படட்டும். ரூமுக்குள்ள வச்சா இதுக்கு ஆகாது."

"அண்ணே, மத்த சாமான்..."

"முடிஞ்சுதுன்னா முடிஞ்சுது!"

வாக்கு வாக்குதான், வீட்டுக்காரர் அதில் பிசகவில்லை. வாசலில் தகரக் கூரை போட்டு வண்டியை நகர்த்தினார். ஒன்றாம் தேதி முன்னறையில் மேஜை வந்தது. பிளாஸ்டர் அச்சுகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. கதவில் அவள் பெயரோடு ஒரு பலகையும் ஏறியது. அதன்முன் நின்று அவள் கொஞ்சம் அழுதாள். யாரும் பார்க்கவில்லை, பார்த்தாலும் மாவுத் தூசு என்று சொல்லிவிடலாம்.

ஒரு காலையில் கை கழுவ அவள் வெளியே வந்தபோது, வீட்டுக்காரர் மெல்லிய துணியால் அந்தத் திருகை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இதைச் செஞ்சவனை ஒரே ஒரு தடவை பார்க்கணும்மா" என்றார் தழுதழுத்த குரலில். "அந்தக் கையை எடுத்து என் கண்ணுல ஒத்திக்கணும்."

சொல்லிவிடலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. வாயால் சொல்வதற்குப் பதிலாக, முழங்கைவரை வெள்ளை மாவு அப்பியிருந்த கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவர் பதறிப்போய்த் திருகைப் பொத்திக்கொண்டார். "தள்ளி நில்லும்மா, கையெல்லாம் மாவு. ஒரிஜினல் மேல பட்டுடப் போகுது!"