நயினாருக்கு ஒரு மைப்பேனா

திலக் நகரில் கரீம் பாட்சாவின் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது ஹாலில் இருக்கும் கண்ணாடி அலமாரியைத்தான். உள்ளே நாற்பத்தொரு மைப்பேனாக்கள். தாராவியில் தோல் பைப் பட்டறை வைத்திருக்கும் அவர், இருபத்தைந்து வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் சோர் பஜாரின் பழைய சாமான் கடைகளில் தேடித் தேடிச் சேர்த்தவை. விருந்தாளிகள் பார்க்கலாம், தொடக் கூடாது. முன்பொரு தடவை ஒருவர் கையெழுத்துப் போட்டுப் பார்க்கிறேன் என்று வாங்கி நிப்பை நசுக்கிவிட்டார். அன்றிலிருந்து அலமாரிக்குப் பூட்டு.

ஜூன் மாதம் கரீமின் மனைவி சபுராவின் தம்பி நயினார் கடையநல்லூரிலிருந்து வந்தார். வாழைத்தார் ஏலம் விடுகிறவர். அவர் கூவினால் சந்தையே திரும்பிப் பார்க்கும். அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. இங்கே ஆபரேஷன் செய்து குரல்பெட்டியை எடுத்துவிட்டார்கள். சிகிச்சை முடியும்வரை இரண்டு மாதம் அக்கா வீட்டில் இருக்க வேண்டும்.

சபுரா ஒரு நோட்டும் ஒரு டஜன் ரீஃபில் பேனாக்களும் வாங்கி வைத்தாள். ஆனால் கழுத்தில் செய்த ஆபரேஷனுக்குப் பிறகு நயினாரின் வலது தோளில் வலு இல்லை. அழுத்தி எழுத முடியாததால் தாளில் வெறும் கீறல்தான் விழுந்தது. ஃபோனிலும் அவருக்கு எழுத வரவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் தேடிப் பிடிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

அழுத்தாமலே எழுதும் பேனாக்கள் அதே ஹாலில் இருந்தன. கரீமுக்கு அது தெரியாமல் இல்லை. இன்னொருவர் கை பட்டால் நிப்பின் ஓட்டமே மாறிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சபுரா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதுதான் அவரை அதிகம் உறுத்தியது.

ஒரு மழைநாள் மத்தியானம் நயினார் கரீமின் கையைப் பிடித்து நிறுத்தி, ஏதோ கிறுக்கிக் காட்டினார். ஒன்றும் புரியவில்லை.

"தண்ணியா மாப்ள? மாத்திரையா? ஃபேன் போடணுமா?"

எல்லாவற்றுக்கும் இல்லையென்று தலையசைத்த நயினார், கடைசியில் நோட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"காலையிலேருந்து இதையேதான் கேக்கான். எனக்கும் வெளங்கல," என்றாள் சபுரா. அவள் கண் கலங்கியிருந்தது.

கரீம் அலமாரியைத் திறந்தார். கடைசி வரிசையிலிருந்து ஒன்றை எடுத்து மை நிரப்பிக் கொடுத்தார். அது விட்டுவிட்டு எழுதியது, தாளைக் கீறியது. நயினார் பேனாவைத் திருப்பிக் கொடுத்து, பரவாயில்லை என்பதுபோல் அவர் கையைத் தட்டினார். கரீமுக்குக் கூசிப்போனது. அது ஒழுங்காக எழுதாது என்று தெரிந்துதானே எடுத்தார்!

மறுபடி போய், நடு வரிசையில் இருந்த கரும்பச்சைப் பேனாவை எடுத்து வந்தார். வேறு யார் கையிலும் அவர் கொடுக்காதது.

"அழுத்தாத. தாள்ல சும்மா வை. அதுவா ஓடும்."

ஓடியது. நயினார் ஒரு கணம் தன் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார்:

'மச்சான், நான் இனிமே பேசுவனா மாட்டனா? டாக்டர் என்ன சொன்னாரு? எல்லாரும் வெளிய போயி நின்னு பேசுதிய.'

கரீம் கட்டிலில் உட்கார்ந்தார். உண்மைதான். டாக்டர் சொன்னதை அவரும் சபுராவும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே பேசி முடித்திருந்தார்கள்.

"பழைய கொரல் வராது மாப்ள. ஆனா பேசலாம். புண்ணு ஆறினதும் கழுத்துல சின்னதா ஒரு வால்வு வைப்பாங்க. பழகணும், மாசக்கணக்குல ஆவும். கரகரன்னுதான் இருக்கும். ஏலத்துல கூவ முடியாது. ஒங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு எங்களுக்குத் தெரியல."

நயினார் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார். பிறகு பேனா நகர்ந்தது.

'சொல்லிருக்கலாம்லா. பேசவே மாட்டேன்னு நெனச்சிட்டுக் கெடந்தேன்.' அதற்குக் கீழே, 'கூவுறதுக்கு ஆளு வச்சிக்கிடலாம்.'

சபுரா அதை இரண்டு தடவை படித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

மூன்று நாளில் ஒரு நோட்டு தீர்ந்தது. நாலாம் நாள் பேனா கைதவறி மொசைக் தரையில் விழுந்து நிப்பு வளைந்தது. நயினார் வெளிறிப்போய் அதை நீட்டினார். கரீம் அதை வாங்கிக்கொண்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வைத்து நகத்தால் நீவி நிமிர்த்தினார். கோடு முன்னைவிடத் தடிமனாக விழுந்தது.

"இப்ப ஒன் கைக்குத்தான் சரியா இருக்கு. நீயே வச்சுக்க," என்றார். சொன்ன பிறகு மனதில் வருத்தம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். நினைத்த அளவுக்கு இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோபர்கைரனேயிலிருந்து பூலோகம் என்கிற கிரேன் ஆபரேட்டர் நயினாரைப் பார்க்க வந்தார். வார்டில் அடுத்த படுக்கையில் இருந்தவர். அவருக்கும் அதே ஆபரேஷன்தான். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு பேச வழியில்லாமல் நின்றார்கள்.

கரீம் அலமாரியை விரியத் திறந்தார். "ஒங்களுக்குப் பிடிச்சத எடுங்க அண்ணாச்சி."

பூலோகம் தயங்காமல் தங்கமூடி போட்டதை எடுத்தார். இருப்பதிலேயே விலை கூடியது. கரீம் அதற்கும் மை நிரப்பிக் கொடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் சாப்பாட்டு மேசையில் பெரிய வழக்கு நடந்தது. வாழைப்பழத்தில் பூவன்தான் உசத்தி என்று பூலோகம் எழுத, நயினார் அதை அடித்துவிட்டு ஏத்தன் என்று எழுதினார். பூலோகம் அதையும் அடித்தார். ஒருவர் எழுதி முடிப்பதற்குள் மற்றவர் தாளை இழுத்தார். சபுரா இருவர் தோளுக்கும் மேலாக எட்டிப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

"மெதுவாச் சண்ட போடுங்கப்பா, பக்கத்து வீட்டுக்குக் கேக்கப் போவுது," என்றார் கரீம்.

சத்தமில்லாமல் இரண்டு பேரும் குலுங்கிச் சிரித்தார்கள். பூலோகம் அடுத்த வரியை ஆரம்பித்தார்.