அமுக்கு, பிடி

தம்மய்யா யாருக்கும் எதையும் சும்மா கொடுக்கிற ஆள் இல்லை. மைசூர் காயலான் கடையிலிருந்து தன் காருக்கு ஒரு ஜோடி, என் காருக்கு ஒரு ஜோடி என்று சக்கரத்தைக் கவ்வி நிறுத்தும் பெரிய பிரேக் காலிப்பர்களைக் கொண்டுவந்து நீட்டியபோதே எனக்கு உறுத்தியது. என் கணவர் போபண்ணாவுக்குச் சித்தப்பா மகன் அவன். புத்தரி அறுவடைத் திருநாள் முடிந்து அறுத்த வயலில் நடக்கும் கார் பந்தயத்தில் போன வருஷம் ஜெயித்தவன். அவனுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தவள் நான்தான். கடைசி வளைவில் பிரேக் போதாமல் வரப்பில் ஏறிக் கவிழ்ந்தேன்.

காலிப்பர்களை போபண்ணாவே மாட்டினார். கோணிக்கொப்பல் பக்கம் பாதிப் பேருக்கு பிரேக் வேலை பழக்கியவர் அவர். மாட்டி முடித்ததும் நான் மிதித்தேன். பெடல் ஈரப் பஞ்சு மாதிரி அமுங்கியது. விட்டு விட்டு மிதித்தால் கொஞ்சம் விறைத்தது, பிறகு மறுபடி தொளதொள.

"பிரேக் எண்ணெய்க்குள்ள காத்து நின்னிருக்கும்" என்றார். நான் பெடலில், அவர் சக்கரத்தடியில்.

"அமுக்கு... பிடி... விடு."

காற்று எடுக்கும் திருகில் மாட்டிய குழாய் வழியாக எண்ணெய் ஒரு குமிழிகூட இல்லாமல் சுத்தமாக வந்தது. மறுநாளும் செய்தோம். பெடல் மாறவில்லை.

தம்மய்யா தினமும் காலையில் வந்து நின்றான். "என்ன அண்ணி, பெடல் இன்னும் கடம்புட்டு உருண்டை மாதிரி மெத்துனுதானா?"

"உனக்கென்னடா அவ்ளோ அக்கறை?"

"நீங்க வராம நான் தனியா ஜெயிச்சா பன்னிக்கறிகூட இறங்காது அண்ணி!"

நாங்கள் காப்பி பறிக்கப் போகும் நேரத்தில் இவன் வந்து திருகைத் தளர்த்துகிறான் என்று முடிவு கட்டினேன். சக்கரத்தடியில் மல்லாந்து படுத்து, திருகின் இடுக்கில் சிவப்பு நகப்பூச்சு வைத்தேன். தொட்டால் உடைந்து காட்டிக்கொடுக்கும். மறுநாள் பூச்சு அப்படியே இருந்தது. அவன் பெண்டாட்டியிடமும் அதே சிவப்பு இருக்கிறதே, திருகிவிட்டுத் திரும்பப் பூசியிருப்பானோ என்றுகூட யோசித்தேன். சந்தேகம் வந்துவிட்டால் புத்தி எங்கெல்லாமோ போகிறது.

வெள்ளிக்கிழமை பொறுக்க முடியாமல் அவன் வீட்டுக்கே போனேன். முற்றத்தில் அவன் கார் ஒரு சக்கரம் கழற்றி நின்றது.

"என் காரைத் தொட்டியாடா?"

"நானா? தலகாவேரி மேல சத்தியமா இல்ல அண்ணி!"

நான் அவனைப் பார்க்கவில்லை. அவன் காலிப்பரைப் பார்த்தேன். என் காரில் இருப்பது போலவேதான். திருகு மட்டும் உச்சியில், நின்றபடியே கைக்கு எட்டும்படி இருந்தது. என் காரில் நகப்பூச்சு வைக்க நான் மண்ணில் படுக்க வேண்டியிருந்தது.

என் காரில் வலது பக்கத்துக் காலிப்பர் இடது பக்கம், இடது பக்கத்தது வலது பக்கம். திருகு அடியில் போய்விட்டது. காற்று மேலேதான் நிற்கும். அடியில் திறந்தால் எத்தனை தடவை திறந்தாலும் எண்ணெய்தான் வரும்.

"பக்கம் மாத்தி மாட்டியிருக்கு" என்றேன்.

அவன் சிரித்தான். "எந்த மடையன் மாட்டினான்?"

"உங்கண்ணன்."

சிரிப்பு நின்றது. "அண்ணனா? அவரு கண்ணைக் கட்டிட்டு மாட்டினாகூட..." மீதியை முழுங்கினான். "மறதியா இருக்கும் அண்ணி" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

வீட்டுக்கு வந்து இரண்டையும் நானே பக்கம் மாற்றினேன். பிறகுதான் போபண்ணாவைக் கூப்பிட்டேன். "இன்னிக்கு நீங்க பெடல்ல உக்காருங்க."

ஏறி உட்கார்ந்தார்.

"அமுக்குங்க... பிடிங்க."

குழாயில் குமிழி குமிழியாகக் காற்று வந்தது. மறுபடி அமுக்கச் சொன்னேன். பெடல் கல்லாகிவிட்டது என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் காலுக்கே தெரிந்தது.

காருக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. "பந்தயத்துக்கு முன்னாடி நடத்துறவங்க பிரேக்கை மிதிச்சுப் பாப்பாங்க. சரியில்லன்னு அவங்களே உன்னைத் திருப்பி அனுப்பிடுவாங்கன்னு நெனச்சேன். போன வருஷம் கவுந்த கார்லேர்ந்து உன்னை வெளிய இழுத்துப் போட்டது நான்."

எனக்குக் கோபத்தில் அழுகை வந்தது. "போகாதேன்னு சொல்ல வாயில்லையா உங்களுக்கு?"

"சொன்னா கேப்பியா?"

"மாட்டேன். ஆனா ஒரு பாவமும் அறியாத தம்மய்யாவைத் திருடனாக்கியிருக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை வயலில், கிளம்புமுன், நான்கு சக்கரத்தடியிலும் படுத்துப் படுத்துப் பார்த்தேன். அவர் கை பட்ட காரை இத்தனை வருஷத்தில் ஒருநாளும் நான் அப்படிப் பார்த்ததில்லை. அவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். குனிந்து, எனக்கு டார்ச் பிடித்தார்.