புற்றுக்காளான் இருக்கும் இடம்

மளிகைக்கடை ரவிச்சந்திரனுக்கு நான் நூற்று எண்பத்தாறு ரிங்கிட் நாற்பது சென் பாக்கி. சுங்கை லாலாங் செம்பனைத் தோட்டத்தில் மழை விட்டதும் முளைக்கும் புற்றுக்காளானைக் கொடுத்தே அதைக் கழித்துவிட நினைத்தேன். சாயங்காலம் மொட்டுகளைக் கைப்பேசியில் படமெடுத்து, விலை கேட்டு அவருக்கு அனுப்புவேன். தெளிவாகத் தெரிய வேண்டுமென்று டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லியிருந்தார். விடியலில் பறிக்கப் போனால், இரண்டு தடவையும் காம்புகூட மிச்சமில்லை.

கூலிம் தொழிற்சாலையில் வேலை செய்யும் பக்கத்துவீட்டு லோகேஸ்வரியிடம் புலம்பினேன். அவள் படத்தைத் தொட்டதும் கீழே ஒரு வரைபடம் விரிந்தது. புற்று இருந்த இடத்திலேயே சிவப்புப் புள்ளி.

"டாக்குமெண்டா அனுப்பினா எடுத்த இடமும் கூடவே போகும். படத்தோட வழியையும் சேர்த்துல்ல அவருக்கு அனுப்பியிருக்கீங்க, அக்கா."

"அடிப்பாவி. நானேவா காட்டிக் கொடுத்தேன்?"

சிரித்துக்கொண்டே, படத்தில் இடம் பதியாதபடி கேமராவை மாற்றிக் கொடுத்தாள்.

அடுத்த மழைக்குப் படம் அனுப்பியதும் ரவிச்சந்திரன் கூப்பிட்டார்.

"எந்தப் பக்கம்க்கா இது, சொல்லுங்கலா."

"மண்ணுக்கு மேலதான், முதலாளி."

மறுநாள் காலை ஐந்து கிலோ காளான் அவர் தராசில் ஏறியது. கிலோ நாற்பது ரிங்கிட். என்னை நிமிர்ந்து பாராமலே பாக்கிப் புத்தகத்தில் என் பெயரை அடித்துவிட்டு, மீதிப் பதின்மூன்று ரிங்கிட் அறுபது சென்னை எண்ணி வைத்தார்.