ஓரத்தில் எழுதியது

வகுப்பில் வாயைத் திறந்து ஒரு முறை பேச வேண்டும். அவ்வளவுதான் அவளிடம் கேட்டார்கள். மலையைப் புரட்டச் சொல்லவில்லை. நூற்றுக்கு முப்பது மதிப்பெண் பேச்சுக்கு. பத்தாவது வாரம் முடிவதற்குள் ஒரு தடவையாவது பேசாதவர்களுக்குத் தேர்ச்சியே கிடையாது என்று பேராசிரியை முதல் நாளே சொல்லிவிட்டார். அவளோ மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு பருவம் மட்டும் படிக்கக் கடல் தாண்டி வந்தவள். இங்கே ஒரு பாடத்தில் தவறினாலும் ஊர்க் கல்லூரியில் அந்த வருடத்தையே மறுபடி படிக்க வேண்டும். இது ஒன்பதாவது வாரம். அவள் இன்னும் இருமக்கூட இல்லை.

பேச வராதவள் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டில் வாயாடி. கல்லூரியில் அவளுக்கு ‘டேப்பு’ என்று பட்டப்பெயர். ஆசிரியர் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதிவிடுவாள். தும்மினால் அதையும் எழுதுவாள் என்று தோழிகள் கிண்டல் செய்வார்கள். அந்தக் கை அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா நீதிமன்றத்தில் தட்டச்சர். சாட்சிகள் சொல்லச் சொல்லத் தட்டுவது அவர் வேலை. “பேசினத மட்டும் அடிக்கணும். நாம நெனச்சத அடிச்சா வேலை போயிடும்” என்று சிரிப்பார்.

அந்த அப்பா, அவள் கிளம்புவதற்குப் பதினோரு நாள் முன்பு, சட்டையில் பொத்தான் போட்டுக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், வீட்டில் நாற்காலிகளைப் பழைய இடத்தில் போடுவதற்குள் விமான நாள் வந்துவிட்டது. அம்மா போகச் சொன்னாள். அண்ணனும் அதையே சொன்னான். போனாள். யாராவது ‘இரு’ என்று சொல்லியிருந்தால் இருந்திருப்பாள். அப்போது எதைச் சொன்னாலும் செய்கிற நிலையில்தான் இருந்தாள்.

அழுகை மட்டும் வரவில்லை. அன்றும் வரவில்லை, விமானத்திலும் வரவில்லை, இங்கே வந்த பிறகும் வரவில்லை. வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். உடம்பு யாரோ இரவல் கொடுத்தது போல இருந்தது. ஒருநாள் குளிரில் உதடு வெடித்து ரத்தம் மோவாய் வரை வந்திருக்கிறது; அறைத்தோழி கண்ணாடியைக் காட்டித்தான் தெரிந்தது. துடைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். அப்பா போன விஷயம் இங்கே ஒருவருக்கும் தெரியாது. கேட்டவர்களும் இல்லை. விண்ணப்பத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற கட்டத்தில் அவர் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சு வராவிட்டாலும் கை நிற்கவில்லை. மாணவர் உதவி அலுவலகத்து அம்மாள் அவளுடைய நோட்டைப் பார்த்துவிட்டு, “இப்படி எழுதுற ஒருத்தரத்தான் தேடிக்கிட்டு இருந்தோம்” என்றாள். (பேசியது அவர்கள் மொழிதான். நாம் நம் பேச்சிலேயே வைத்துக்கொள்வோம்.) வகுப்பில் எழுத முடியாத மாணவர் ஒருவர் இருக்கிறார். அவருக்காக ஒவ்வொரு வகுப்பின் குறிப்பையும் ஸ்கேன் எடுக்க அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். யாருக்கு என்று அவளுக்குச் சொல்ல மாட்டார்கள், யார் எழுதுகிறார் என்று அவருக்கும் சொல்ல மாட்டார்கள். அதுதான் விதி. அவள் தலையை ஆட்டினாள். அந்தப் பருவம் முழுக்க எல்லாவற்றுக்கும் தலையைத்தான் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

பாடம், சாட்சியத்தைப் பற்றியது. மனிதர்கள் பார்த்ததை எப்படிச் சொல்கிறார்கள், சொன்னது காகிதத்தில் என்னவாகிறது என்பதெல்லாம் அதில் வரும். மூன்றாவது வாரம் பேராசிரியை ஒரு கேள்வி கேட்டபோது அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது. கையைத் தூக்க நினைத்தாள். கையோ மேலே போகாமல் தாளின் ஓரத்தில் பதிலை எழுதியது. அழிக்க மறந்து அப்படியே கொடுத்துவிட்டாள். மறுநாள் அலுவலகத்து அம்மாள் கூப்பிட்டனுப்பினாள். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டு போனால், “ஓரத்துல எழுதினது பாடத்தைவிட நல்லா இருக்காம். இன்னும் எழுதச் சொல்றாங்க” என்றாள். அதிலிருந்து பேச வேண்டியதையெல்லாம் ஓரத்தில் எழுதினாள்.

அந்த வாசகர் யார் என்று அவள் யோசிக்காமல் இல்லை. முன்வரிசையில் இருந்த கட்டைக்குரல்காரரை மட்டும் முதலிலேயே கழித்துவிட்டாள். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். இருபத்தைந்து வருடம் சாலை உடைக்கும் இயந்திரம் பிடித்துவிட்டு இப்போது படிக்க வந்திருக்கிறாராம். பேனாவும் கிடையாது, நோட்டும் கிடையாது. இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டு மகாராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். இத்தனை வயதுக்குப் பிறகு படிக்க வந்தும் இவ்வளவு சோம்பலா என்று அவளுக்கு எரிச்சலாக வரும். எரிச்சலாவது வந்ததே என்றும் தோன்றும்.

பத்தாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை, வகுப்புக்குப் போகும் வழியில் அண்ணன் போன் செய்தான்.

“பேசிட்டியாடி?”

“இல்ல.”

“நம்ம வீட்ல வாய்க்கா பஞ்சம்? இங்க பேசினதுல கால்வாசிய அங்க பேசினாப் போதும். ஒரு வருஷம் போயிடும், தெரியும்ல?”

“தெரியும்.”

“அம்மாகிட்ட குடுக்கறேன், இரு.”

“சாப்பிட்டியா?” என்றாள் அம்மா.

“ம்.”

“சரி.”

அப்பாவைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை. அது ஓர் ஒப்பந்தம் போல ஆகிவிட்டது.

அன்றைய வகுப்பில் பேராசிரியை ஒரு பழைய வழக்கின் சாட்சியப் பக்கங்களை எல்லோருக்கும் கொடுத்தார். கேள்வி, பதில், கேள்வி, பதில். மகனை இழந்த ஒரு தாயின் சாட்சியம். “இதுல என்ன இல்லைன்னு யோசிச்சுட்டு வாங்க. வியாழக்கிழமை பேசலாம். இதுவரைக்கும் பேசாதவங்களுக்கு அதுதான் கடைசி வகுப்பு” என்றார். சொல்லும்போது அவளைத்தான் பார்த்தார்.

அவளுக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. ஓரத்தில் எழுதினாள்: ‘என் அப்பா இந்த வேலை செய்தவர். சாட்சி அழுதால் தட்டச்சருக்கு வேலை கிடையாது. அழுகையை அடிக்க விதியில்லை. அந்த நேரத்தில்தான் அப்பா விரலைச் சொடுக்கிக்கொள்வார், டீ குடிப்பார். பத்து நிமிடம் கழித்து சாட்சி பேசினால், கேள்விக்கு நேர் கீழே பதில் வந்து உட்கார்ந்துகொள்ளும். படிப்பவர்களுக்கு அவள் உடனே பதில் சொன்னது போலத் தெரியும்.’

வியாழக்கிழமை. கேள்வி வந்தது. அவள் கை மேஜை மேலேயே கிடந்தது. மற்றவர்கள் ஏதேதோ சொல்ல, பத்து நிமிடம் ஓடியது. வருடமும் போய்விடும், போகட்டும் என்று தோன்றியது. அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. அப்போதும் கை அசையவில்லை.

முன்வரிசையிலிருந்து கட்டைக்குரல் கேட்டது. “அழுகை இல்ல” என்றார் அந்த மனிதர். மடியிலிருந்த ஸ்கேன் தாளைப் பார்த்து, ‘என் அப்பா’ என்பதிலிருந்து தட்டச்சர் டீ குடித்தது வரை நிதானமாகப் படித்தார். அவள் எழுதியது அவளுக்கே வேறு யாரோ சொல்வது போலக் கேட்டது.

“பிரமாதம்” என்றார் பேராசிரியை.

“இது என்னோடது இல்லீங்க” என்றார் அவர். கக்கத்திலிருந்து கைகளை எடுத்துக் காட்டினார். விரல்கள் வெளுத்து விறைத்திருந்தன. “இது மெஷின் அதிர்ந்து அதிர்ந்து மரத்துப்போன கை. பேனா பிடிச்சா விழுந்துடும். எனக்காக இங்க யாரோ எழுதறாங்க. யாருன்னு கேக்கக் கூடாது, கேக்கவும் மாட்டேன். ஆனா இந்த மார்க்கு எனக்கு வேண்டாம், அவங்களுக்குப் போடுங்க.”

“பேசினாத்தான் போட முடியும்” என்றார் பேராசிரியை, மெதுவாக.

அவள் எழுந்து நின்றாள். அந்த ஊரில் வகுப்பில் யாரும் எழுந்து நின்று பேசுவதில்லை. எல்லாத் தலைகளும் திரும்பின. நின்ற பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. உட்காரவும் தெரியவில்லை.

“நான்தான்” என்றாள்.

பேராசிரியையின் முகம் மலர்ந்தது. “அப்பாகிட்ட எனக்காக ஒண்ணு கேட்டுச் சொல்லுவியா? அந்த இடத்துல ஒரு கோடாவது போடலாம்னு அவருக்குத் தோணியிருக்கா?”

“கேக்க முடியாது. அப்பா செத்துப்போயிட்டார். நான் கிளம்பறதுக்குப் பதினோரு நாள் முன்னாடி.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பேனாவை எடுத்தாள். தான் சொன்னதாயிற்றே என்று விட்டுவிடாமல் அதையும் எழுதினாள். யாரோ நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்த சத்தம் கேட்டது. பிறகு பேராசிரியை பேச, அவள் எழுத, வகுப்பு முடிந்தது. அப்படித்தான் அவளுக்கு நினைவு.

நேராக அலுவலகத்துக்குப் போய் நோட்டை நீட்டினாள். அலுவலகத்து அம்மாள் முதலில் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு பக்கங்களைப் புரட்டினாள். மூன்றாவது பக்கத்தில் நின்றாள்.

“இது உன் எழுத்து இல்லையே?”

வாங்கிப் பார்த்தாள். ‘பதினோரு நாள் முன்பு’ என்று அவள் எழுதியது இருந்தது. பேராசிரியையின் அடுத்த பேச்சு பக்கத்தின் அடியில்தான் தொடங்கியது. நடுவில் அரைப் பக்கத்தை அடைத்துக்கொண்டு, குழந்தை எழுதியது போலக் கோணல்மாணலாகப் பெரிய எழுத்துகள். பேனா இரண்டு இடத்தில் விழுந்து இழுத்த கோடு. இப்படி இருந்தது:

‘அவள் ரொம்ப நேரம் அழுதாள். நாங்கள் காத்திருந்தோம்.’

கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனாள். சட்டைக் காலர் நனைந்திருந்தது. மோவாயும் ஈரமாக இருந்தது.

“மேல வெள்ளைத்தாள் ஒட்டி மறைச்சிடவா?” என்று கேட்டாள் அந்த அம்மாள்.

“வேண்டாம்” என்றாள். “நடந்ததுதான். அப்படியே போடுங்க.”