மலை துளைத்தால் பெண் தருகிறேன்

சனாவுல்லா தன் வாழ்நாளில் அரசாங்கத்தை ஒரே ஒரு விஷயத்தில்தான் முழுசாக நம்பினார். சொன்னதைச் செய்யாது என்று நம்பினார். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் மகளைப் பெண் கேட்டு வந்தவருக்குப் பதிலும் சொன்னார். அதுவே வினையாகப் போயிற்று.

இது நடந்து ஏழு வருடம் ஆகிறது. மே மாதம், கணவாயில் பனி விலகிப் பாதை திறந்த நாலாம் நாள், மலைக்கு மேற்கே கங்கனிலிருந்து கபீர் லோன் ஒரு கூடை வாதுமைக்கொட்டையோடு, மலைக்குக் கிழக்கே திராஸில் இருந்த சனாவுல்லா வீட்டுக்கு வந்தார். தன் மகன் மன்ஸூருக்குப் பத்ருன்னிசாவைக் கேட்டார். மன்ஸூர் நெடுஞ்சாலையோரம் டயர் கடை வைத்திருந்தான். பத்ருன்னிசா ஸ்ரீநகரில் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்து திராஸ் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தாள். படிக்கப் போன காலத்தில் வழியில் தங்கியது கங்கனில், அத்தை ஸோரா வீட்டில். மன்ஸூர் அந்த அத்தை புருஷனுக்கு அண்ணன் மகன். பையன் தங்கமானவன், பெண்ணுக்கும் சம்மதம். மலைதான் குறுக்கே நின்றது.

ஸோரா, சனாவுல்லாவின் ஒரே தங்கை. பெண் கேட்டு வருவதற்கு முன்பே அவள் ஒரு ஜனவரியில் இறந்துபோனாள். தகவல் பத்து நிமிடத்தில் போனில் வந்துவிட்டது. கணவாய் பனியில் மூடிக்கிடந்ததால் அண்ணன் போய்ச் சேர மே மாதம் ஆயிற்று. குளிர்காலத்தில் அரசாங்கம் விடும் ஹெலிகாப்டருக்குப் பெயர் கொடுத்துவிட்டு நான்கு நாள் மைதானத்தில் நின்றார். நான்கு நாளும் மேகம் கலையவில்லை. ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர், இனி இந்த வீட்டுப் பெண் எவளும் கணவாயைத் தாண்டி வாழப் போகக் கூடாது என்று முடிவு செய்துவிட்டார்.

ஆனால் அவர்கள் ஊரில், பெண் கேட்டு வந்தவரின் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது மரியாதை இல்லை. ரொட்டியைப் பிய்த்து விருந்தாளியின் கையில் கொடுத்து, நடக்கவே நடக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆறு மேட்டுக்கு ஏறி ஓடட்டும், தருகிறேன் என்பார்கள். வந்தவர் புரிந்துகொண்டு, ரொட்டியைத் தின்னாமல் தட்டில் வைத்துவிட்டு, உப்புத் தேநீரைக் குடித்து, ஆட்டைப் பற்றியும் பனியைப் பற்றியும் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார். யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது. ரொட்டியைத் தின்றுவிட்டால் மட்டும் கதை வேறு. சொன்ன நிபந்தனை அப்போது உண்மையான நிபந்தனையாகிவிடும். இரண்டு பக்கமும் கட்டுப்பட்டாக வேண்டும்.

சனாவுல்லா ரொட்டியைப் பிய்த்தார்.

"மலையில சுரங்கம் வரட்டும். ஜனவரி மாசத்துல கங்கன்லேருந்து ஒருத்தர் கார்ல உட்கார்ந்தபடியே வந்து எங்க வீட்டு வாசல்ல இறங்கட்டும். அன்னிக்கு எம்பொண்ணக் கூட்டிட்டுப் போங்க."

இதைவிட நாகரிகமான மறுப்பு அந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. அவர் பையனாக இருந்த நாளிலிருந்து, சுரங்கத்துக்கென்று ஆட்கள் மூன்று முறை வந்து அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் நட்ட அளவுக்கல்லில் ஆடுகள் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தன. கபீர் லோன் ரொட்டியைப் பார்த்தார். திறந்திருந்த கதவு வழியாக முற்றத்தைப் பார்த்தார். பிறகு ரொட்டியை வாயில் போட்டு மென்று விழுங்கினார். அறையில் இருந்த நாலு பெரியவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பக்கத்து ஆள், வழக்கம் தெரியாமல் தின்றுவிட்டான், பாவம் என்று முடிவு செய்தார்கள்.

மூன்று வருடம் ஒன்றும் நடக்கவில்லை. நாலாம் வருடம் இயந்திரங்கள் வந்தன.

சனாவுல்லா முதலில் சிரித்தார். காண்ட்ராக்டர் ஒரு பர்லாங் தோண்டுவான், பில்லைப் போட்டுக்கொண்டு ஓடுவான் என்றார். ஓடவில்லை. முகாம் எழும்பியது, மின்சாரம் வந்தது. மலையின் இரண்டு பக்கமும் வெடிச் சத்தம் கேட்கத் தொடங்கியது. ஊரிலிருந்து நாற்பது பேர் வேலைக்குப் போனார்கள். இருபது வருடம் சாலையில் புல்டோசர் ஓட்டிய சனாவுல்லாவையும் கூப்பிட்டார்கள். நிஜமாகத்தான் தோண்டுகிறார்களா என்று கண்ணால் பார்த்துவிடலாம் என்று அவரும் போனார்.

அங்கேதான் அவருக்குக் கிரகம் பிடித்தது. மூன்று கையுள்ள துளையிடும் வண்டியைப் பூமர் என்பார்கள். அதன் மேலே உட்காரவைத்து ஆறு மாதம் பழக்கினார்கள். அவர் கைக்கு அது படிந்துவிட்டது. பாறை முகத்தில் நூற்றுச் சொச்சம் துளை போட வேண்டும். துளை கோணினால் வெடி வீணாகும். அவர் போட்ட துளை கோணியதே இல்லை. மற்ற ஷிப்டில் ஒரு வெடிக்கு இரண்டரை மீட்டர் என்றால், அவர் ஷிப்டில் மூன்று. செய்கிற வேலையை அரைகுறையாகச் செய்ய அவருக்குத் தெரியாது. மகளை அந்தப் பக்கம் அனுப்பக் கூடாது என்று நினைத்த மனிதர், ஒவ்வொரு நாளும் மூன்று மீட்டர் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

ஊர் சும்மா இருக்குமா? தொழுகை முடிந்து வெளியே வந்தால், மருமகன் வீட்டுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். சனாவுல்லா பல்லைக் கடித்துக்கொண்டு செருப்பை மாட்டுவார். வீட்டில் பத்ருன்னிசாவும் தினமும் சாயங்காலம் எத்தனை மீட்டர் என்று கேட்பாள். மூன்று என்றால் ஒன்றரை என்பார். மகள் தலையாட்டிவிட்டுச் சுவரில் இருக்கும் நாட்காட்டியில் மூன்று என்று எழுதுவாள். மன்ஸூரின் மாமா மகன் மேற்கு வாசலில் வேலை பார்த்தான். இரண்டு பக்கத்துக் கணக்கும் அவளுக்குப் போனில் வந்துகொண்டிருந்தது. அப்பா பொய் சொல்கிறார் என்று மகளுக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும் என்று அப்பாவுக்கும் தெரியும்.

போன வருடம் கிழக்குப் பக்கம் பாறை கெட்டது. ஈரமாவு போல ஒரு மண், ஊற்றுத் தண்ணீரோடு கலந்து வந்தது. நாற்பது மீட்டர் போக ஏழு மாதம். இந்த அக்டோபரில் ஒரு நாள் மதியம், ஆட்கள் சாப்பிட வெளியே வந்திருந்தபோது, கூரை அப்படியே இறங்கிவிட்டது. ஆள் சேதமில்லை, பூமரின் ஒரு கை மட்டும் ஒடிந்தது. இருபது நாள் கழித்துப் பெரிய இன்ஜினியர் வந்து விளக்கடித்துப் பார்த்தார். இதைக் கட்டி நிறுத்தி, தண்ணீரை வடித்து, மறுபடி தோண்டிப் போக இன்னும் இரண்டு குளிர்காலமாவது ஆகும் என்றார்.

இந்தச் சேதி காதில் விழுந்ததும் தனக்குச் சந்தோஷம் வரும் என்று சனாவுல்லா எதிர்பார்த்தார். வரவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னார். மனைவி ஹாஜரா அடுப்பை விட்டுத் திரும்பாமல், இப்ப உங்களுக்கு நிம்மதிதானே என்று கேட்டாள். பத்ருன்னிசா எத்தனை மீட்டர் என்று கேட்கவில்லை. நாட்காட்டியைப் பார்த்தார். இருபது நாளாக எதுவும் எழுதாமல் கிடந்தது. மகளுக்கு முப்பத்தொன்று முடிந்திருந்தது. முன்நெற்றியில் நாலைந்து நரை. விளக்கு வெளிச்சத்தில் அவள் பள்ளிக்கூடத்து நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். தன்னைப் போல ஒரு கல்நெஞ்சன் இந்த மலையில் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. வெட்கமாக இருந்தது.

பத்து நாள் அதை மனசுக்குள்ளேயே போட்டு உழப்பிக்கொண்டிருந்தார். நவம்பர் இரண்டாம் வாரம் கணவாய்ப் பாதையை மூடப் போவதாகக் காவல் சாவடியில் எழுதிப் போட்டார்கள். கடைசியாக மேற்கே வண்டி விடும் நாள் செவ்வாய்க்கிழமை. திங்கள் சாயங்காலம் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். துணிமணியை எடுத்து வை, நாளைக்குக் கங்கன் போகிறோம், கொடுத்த வார்த்தையை நானே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றார். மகள் துள்ளுவாள் என்று நினைத்தார். அவள் நாட்காட்டியை ஆணியிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"நான் எதுக்கு மீட்டர் எழுதினேன்னு நினைச்சீங்க?" என்றாள். "மலை உடையும்னா? எந்தக் கோடையிலயும் ஷேர் டாக்ஸி ஏறி நானே போயிருப்பேன். அப்புறம் உங்க மூஞ்சியில முழிக்க முடியாது. நீங்க என்னிக்காவது வாயத் தொறப்பீங்கன்னுதான் எழுதினேன். ஏழு வருஷம் ஆச்சேப்பா உங்களுக்கு."

ஆமாம் என்று மட்டும் சொன்னார்.

காலையில் சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்டிய முப்பது வண்டிகளுக்கு நடுவே அவர்கள் வண்டியும் ஏறியது. ஹாஜரா வரவில்லை. மாட்டையும் ஆட்டையும் யாரிடம் விட்டுவிட்டு வருவது? அவள் மகளை வாசலில் கட்டிப்பிடித்து அழுதாள். புருஷனிடம், வெள்ளிக்கிழமை நிக்காஹ் முடிந்ததும் சனிக்கிழமை மேற்கேயிருந்து இந்தப் பக்கம் விடும் கடைசி வண்டியில் வந்துவிடுங்கள் என்றாள். மேலே போகும்போது இடது கைப்பக்கம், பள்ளத்தில், சுரங்கத்தின் வாசல் தெரிந்தது. மகள் பார்த்தாள். சனாவுல்லா பார்க்கவில்லை.

கங்கனில் அவர் முதல் வேலையாகக் கபீர் லோனின் முன் உட்கார்ந்து, ஒரு ரொட்டி கேட்டு வாங்கிப் பிய்த்து அவர் கையில் கொடுத்தார். அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். சொல்லப் போவது அவமானம்தான். சொல்லிவிட்டார்.

"அன்னிக்கு நான் சொன்னது நிபந்தனை இல்ல சம்பந்தி. முடியாதுன்னு சொன்னேன். எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம். உங்களுக்கு வழக்கம் தெரியாம ரொட்டியத் தின்னுட்டீங்க. அந்தச் சொல்ல நான் திரும்ப எடுத்துக்கறேன். சுரங்கம் வந்தாலும் வராட்டியும் பொண்ணு உங்களுது."

கபீர் லோன் கையிலிருந்த ரொட்டியை உருட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கு அன்னிக்கே புரிஞ்சுது," என்றார். "என் தம்பி உங்க தங்கச்சியோட இருபது வருஷம் குடும்பம் நடத்தினவன். உங்க ஊர் ரொட்டி எனக்குத் தெரியாதா? எம்பையன் முற்றத்துல வண்டிகிட்ட நின்னுட்டிருந்தான். நான் வெறுங்கையோட வெளிய வந்தா அவன் மூஞ்சிய எப்படிப் பாக்கறது? அதான் தின்னேன். உங்கள ஏழு வருஷம் மாட்டி வெச்சுட்டேன். நீங்கதான் என்ன மன்னிக்கணும்."

சனாவுல்லாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் வரவில்லை. தான் மகளுக்காகச் செய்யாததை இந்த மனிதர் மகனுக்காக ஒரு வாய் ரொட்டியில் செய்திருக்கிறாரே என்று நினைத்தார். இருவரும் தின்றார்கள். மன்ஸூருக்கு முப்பத்தைந்து வயது, தொப்பை போட்டிருந்தது. காலரைச் சரிசெய்துகொண்டு ஓரமாக நின்றான்.

வெள்ளிக்கிழமை மதியம் நிக்காஹ் முடிந்தது. அறுபது பேர் சோறும் ஆட்டிறைச்சியும் சாப்பிட்டார்கள். சாப்பாட்டின் நடுவிலேயே மழை பிடித்தது, கை கழுவுவதற்குள் அது பனியாகிவிட்டது. சனிக்கிழமை காலை சாவடிக்குப் போனபோது தடுப்புக் கட்டையைப் போட்டிருந்தார்கள், அதன் மேல் ஒரு முழம் பனியும் படிந்திருந்தது. மேலே இரண்டு இடத்தில் பனிச்சரிவு, இனி மே மாதம்தான் என்றார் காவலர். சனாவுல்லா அரைமணி நேரம் அந்தக் கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக, குளிர்காலத்தில் அவர் தப்பான பக்கம் இருந்தார்.

திரும்பி வந்து ஹாஜராவுக்குப் போன் போட்டார். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. விறகு இருக்கிறது, வெண்ணெய் இருக்கிறது, தம்பி மகன் வந்து பனியைத் தள்ளித் தருவான் என்றாள். சின்னப் பசுவுக்குத்தான் இன்றைக்கோ நாளைக்கோ கன்று போடும் நேரம் என்றாள். பிறகு குரல் தழைந்தது.

"பழைய ஆளுங்க மாதிரி மேல ஏறி நடந்து வர்றேன்னு கிளம்பிடாதீங்க. எனக்குப் பொண்ணும் அந்தப் பக்கம், நீங்களும் அந்தப் பக்கம். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் மே மாசம் வரைக்கும் என்ன பண்ணுவேன்?"

அவர் ஏறமாட்டேன் என்று சத்தியம் செய்தார். போனை வைத்த பிறகு கூடத்தில் பத்ருன்னிசா நிற்பதைப் பார்த்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கல்யாண உடுப்பை இன்னும் மாற்றவில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மா தனியா இருக்கா என்றாள். மூக்கை உறிஞ்சினாள். அவர் அவள் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். சம்பந்தி வீட்டில் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினார். பால் வண்டியில் தொற்றிக்கொண்டு, பிறகு பனியில் மூன்று மணி நேரம் நடந்து, சுரங்கத்தின் மேற்கு வாசலுக்குப் போனார். ஷிப்ட் பொறுப்பாளர் பஞ்சாப்காரர், இவரைப் பேரால் அறிந்தவர். நீங்கள் கிழக்கு வாசல் ஆளாயிற்றே, விருந்துக்கு வந்த இடத்தில் இங்கே என்ன வேலை, பேசாமல் சம்பந்தி வீட்டில் சோறு தின்றுகொண்டு மே மாதம் வரைக்கும் தூங்குங்கள் என்று சிரித்தார்.

சனாவுல்லா சிரிக்கவில்லை. கொக்கியிலிருந்து ஒரு தலைக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டு, பூமர் எங்கே நிற்கிறது என்று கேட்டார்.

"எந்த ஷிப்ட் வேணும்?" என்றார் பொறுப்பாளர்.

"ரெண்டும் குடுங்க," என்றார். "என் வீட்டுக்காரி அந்தப் பக்கம் தனியா இருக்கா."