நாற்பத்தெட்டு மணிநேர மாமன்

கே.கே. நகரில் டிராவல்ஸ் வைத்திருக்கிறேன். மூன்று கார், ஒரு வேன். கொடைக்கானல், ராமேஸ்வரம், மூணாறு என்று வருஷக்கணக்காக ஜனங்களை ஏற்றி இறக்குகிற பிழைப்பு. எங்கள் தொழிலில் வண்டி பிடிக்கிற ஆளுக்குப் பெயர் பார்ட்டி. இறங்கினதும் போட்டோ எடுப்பான். எடுத்த போட்டோவைப் பார்ப்பான், எடுத்த இடத்தைப் பார்க்க மாட்டான். டீ சரியில்லை என்பான். திரும்ப ஏறினதும், அடுத்த ஊருக்கு எம்புட்டு நேரம் ஆகும் என்பான். அதில் எனக்கு ஒன்றும் கோபமில்லை, அவன் காசில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. ஆனால் நான் பார்த்ததிலேயே பெரிய பார்ட்டி என் வண்டியில் காசு கொடுத்து ஏறியவன் இல்லை. என் மனைவி பாண்டிமீனாவின் தம்பி, அழகுமலை.

அழகுமலை பாங்காக்கில் ஒரு இன்டர்நேஷனல் பள்ளியில் கணக்கு வாத்தியார். சோழவந்தான் கொடிக்காலில் கூலிக்கு வெற்றிலை கிள்ளியவர்களின் பிள்ளை, நாகமலையில் பல்கலைக்கழகப் படிப்பை முடித்து, விமானம் ஏறிப் போய் பல தேசத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறான் என்றால் சின்ன விஷயமா? அதை நான் ஒருநாளும் குறைத்துப் பேசியதில்லை. என் கடுப்பெல்லாம் அவன் வேலை மேல் இல்லை, அவன் லீவு மேல்தான். புத்தருக்கு லீவு, ராஜாவுக்கு லீவு, தண்ணீர் ஊற்றி விளையாட லீவு. மூன்று நாள் சேர்ந்தாற்போல் கிடைத்தால் முதுகுப்பையைத் தூக்கிவிடுவான். கம்போடியா, லாவோஸ், பினாங்கு, பாலி, ஹனோய் என்று ஆசியாவையே கொறித்துத் தின்றுகொண்டிருந்தான். இன்ஸ்டாகிராமில் அவன் பெயர் 'ஆல்'. மலையை எந்த விமான நிலையத்தில் இறக்கி வைத்தானோ தெரியவில்லை.

போகிற ஊரெல்லாம் தன்னை மாற்றிவிட்டதாக எழுதுவான். லாவோஸில் ஒரு பிக்குவின் பார்வை அவனை மாற்றியது. பாலியில் ஒரு வயல்வெளி மாற்றியது. ஹனோயில் ஒரு கிண்ணம் நூடுல்ஸ்கூட மாற்றிவிட்டது. இத்தனை ஊர் கூடி மாற்றியும் ஆள் மட்டும் அப்படியே இருந்தான்.

மீனாவிடம் இதைச் சொல்ல முடியாது. "பாவம், தனியாக் கெடக்கான். நாலு எடம் போகட்டும், உங்களுக்கு என்ன?" என்பாள். மாமனார் மாமியார் இரண்டு பேரும் காலமாகிவிட்டார்கள். சோழவந்தான் வீடும் இடிந்துவிட்டது. அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது அவன் ஒருவன்தான். அவன் போடுகிற ஒவ்வொரு படத்துக்கும் முதல் ஹார்ட் அவளுடையதாக இருக்கும். சென்னை நண்பன் மூலம் அவன் அனுப்பிய, ஊர்ப்பெயர் போட்ட ஃபிரிட்ஜ் காந்தங்களை வரிசையாக ஒட்டி வைத்து, பால்காரர்வரை எல்லாருக்கும் காட்டுவாள்.

எங்கள் மகள் ஆர்த்திகாவுக்குக் காது குத்துவதுதான் வம்பாக வந்து முடிந்தது. எங்கள் பக்கம் குலசாமி கோயிலில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிறந்த முடி எடுத்துக் காது குத்துவார்கள். அதுவும் ஒற்றைப்படை வயதில்தான். ஒன்றைத் தவறவிட்டால் மூன்று, மூன்றும் போனால் ஐந்து.

ஒரு வயதில் நாள் குறித்தோம். "மார்க் போடுற வேலை இருக்குக்கா, லீவே இல்ல" என்றான். சரியாக அதே நாளில் கம்போடியாவில் ஒரு பெரிய கோயில் முன்னால் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறான், படத்தில். ஊரான் கோயிலைக் கும்பிட நேரம் இருந்தவனுக்கு அக்கா மகள் கோயிலுக்கு வர நேரமில்லை. "அது பழைய போட்டோவா இருக்கும்" என்றாள் மீனா. மூன்று வயதில் மறுபடி நாள் குறித்தோம். பெற்றோர்கள் வந்து வாத்தியாரைப் பார்க்கிற நாளாம், அசையவே முடியாதாம். பினாங்கில் எந்தப் பெற்றோரைப் பார்த்தானோ, கையில் நண்டு வைத்திருந்தான். இந்த முறை பழைய போட்டோ என்று மீனாவாலும் சொல்ல முடியவில்லை. ஆனால் ஹார்ட் போட்டாள்.

வேறு யார் மடியிலாவது வைத்து முடித்துவிடலாம் என்று நான் பலமுறை சொல்லிப் பார்த்தேன். "எந்தம்பி உசுரோட இருக்கையில ஏன் ஊரான் மடி?" என்று சண்டைக்கு வந்தாள். பிள்ளைக்குப் பிறந்த முடி இடுப்பைத் தொட்டுவிட்டது. தினமும் காலையில் சிக்கெடுப்பதற்குள் இரண்டு பேரும் அழுதுவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் மற்ற பெண்பிள்ளைகள் எல்லாம் கம்மல் போட்டிருக்க, இவளை மட்டும் மூளிக்காது மூளிக்காது என்று கேலி செய்தார்கள்.

இந்த வருஷம் ஐந்து. மீனா போனில் கெஞ்சியதை அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பேசி முடித்துவிட்டு முகமெல்லாம் பல்லாக ஓடி வந்தாள். "வாரானாம்! மதுரைக்குன்னு ரெண்டு நாள் ஒதுக்கியிருக்கானாம்!"

ஒதுக்கியிருக்கிறானாம். பிறகுதான் விவரம் தெரிந்தது, இலங்கையைச் சுற்றிப்பார்க்கப் போகிறான். வழியில் மதுரை.

அதற்குப் பிறகு அவள் செய்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தாய்மாமன் சீராகத் தங்கக் கம்மல் வர வேண்டும், பட்டுப் பாவாடை வர வேண்டும். அவன் எதைக் கொண்டுவருவான் என்று அவளுக்கே தெரியும். தன் சீட்டுப் பணத்தை எடுத்து அவளே இரண்டையும் வாங்கி, ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்தாள். "கோயில்ல வச்சு அவன் கையில குடுத்துருவேன். அவன் கொண்டாந்ததா இருக்கட்டும். உங்க சொந்தக்காரங்க முன்னாடி எந்தம்பி தலை குனியக் கூடாது." எனக்கு வந்த ஆத்திரத்தில் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

சனிக்கிழமை வந்து இறங்கினான். வீட்டுக்கு வரவில்லை, ரயில் நிலையத்துப் பக்கம் ஓட்டலில் ரூம் போட்டிருந்தான். அக்கா வீட்டில் ஏசி ஒரு அறையில்தான் இருக்கிறதாம், அவனுக்கு ஜெட்லாக்காம். தாய்லாந்துக்கும் நமக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். நான் திருப்பதிக்கு ஓட்டிவிட்டு வந்தால் அதைவிட அதிகமாகக் கிறுகிறுக்கும். ராத்திரி அவனுக்கென்று மீனா வைத்த அயிரைமீன் குழம்பை நானும் ஆர்த்திகாவும் சாப்பிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை சோழவந்தானுக்கு வெளியே, வைகைக் கரையில் எங்கள் குலசாமி கோயில். பந்தல் போட்டு, கிடா வெட்டி, சொந்தபந்தம் எல்லாம் வந்தாயிற்று. பத்தரைக்குள் முகூர்த்தம். அவனை அழைத்துவர என் டிரைவர் ஷாகிரைக் காலையிலேயே ஓட்டலுக்கு அனுப்பியிருந்தேன். ஒன்பது மணிக்கும் வண்டியைக் காணோம். போன் போட்டேன்.

"அண்ணே, ஏழு மணிலருந்து ஓட்டல் வாசல்ல நின்னேன். எட்டரைக்குத்தான் எறங்கி வந்தாரு. இப்ப கீழமாசி வீதில பருத்திப்பால் குடிக்கிறாரு" என்றான்.

"குடிச்சிட்டு ஏறச் சொல்லு."

"குடிச்சாத்தான் முடிஞ்சிருமேண்ணே! கிளாச கையில வச்சுக்கிட்டு செல்போனப் பாத்துப் பேசிக்கிட்டே இருக்காரு. மூணு தடவ மொதல்லருந்து பேசிட்டாரு. பால் ஆறிப்போயி கடைக்காரரு வேற ஊத்திக் குடுத்தாரு."

"அவன்கிட்ட குடு."

"மாமா! ஃபைவ் மினிட்ஸ். இங்க லைட் அம்புட்டு நல்லா இருக்கு" என்றான் அழகுமலை. போன் கட்டாகிவிட்டது.

கோயிலில் பூசாரி சங்கிலி மூன்றாவது தடவையாக, "தாய்மாமன் வந்தாச்சா?" என்று கேட்டார். நாவிதர் கத்தியைத் தீட்டி வைத்துவிட்டு வெற்றிலை போட்டார். ஆசாரி ஊசியை எலுமிச்சம்பழத்தில் குத்தி வைத்திருந்தார். ஆர்த்திகா மணைப்பலகையில் உட்கார்ந்து, "மாமா எப்பம்மா வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மீனா மஞ்சள் பையை இடுக்கிக்கொண்டு மண்பாதையையே பார்த்தபடி நின்றாள். என் பெரியப்பா கண்ணுச்சாமி என் காதில், "என்னடா, ஒம்மச்சான் பாங்காக்குலருந்து நடந்தா வாரான்?" என்றார். சிரித்திருப்பேன். மீனா முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

பத்து மணி தாண்டியதும் அவள் கையிலிருந்த போன் டிங்கென்றது. தம்பி புதிதாகப் படம் போட்டிருந்தான். ஹார்ட் போடுவதற்காகத்தான் திறந்திருப்பாள், பழக்கம். கையில் பருத்திப்பாலுடன் சிரித்துக்கொண்டிருந்தான். மேலே ஆங்கிலத்தில் 'மதுரையில் நாற்பத்தெட்டு மணிநேரம்: தவறவிடக் கூடாதவை' என்று தலைப்பு. கீழே வரிசையாக எண் போட்டிருந்தான். பருத்திப்பால், பரோட்டா, மல்லிகைப்பூச் சந்தை, மகாலில் சூரிய அஸ்தமனம். ஐந்தாவது, 'உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் காதுகுத்து. வீடியோ விரைவில்.'

மீனா அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு போனை என்னிடம் நீட்டினாள்.

"ஏங்க, உள்ளூர்க் குடும்பம்னா யாரு? நாமளா?"

ஐந்து வருஷமாக அவனைத் திட்டுவதற்கென்று சொற்களைச் சேர்த்து வைத்திருந்தவன் நான். அவற்றில் ஒன்றையும் எடுக்காமல் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டேன்.

அவள் நேராகப் போய் மணைப்பலகையில் உட்கார்ந்து, பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "எடுங்கண்ணே" என்றாள் நாவிதரைப் பார்த்து.

"அதெப்படி ஆத்தா?" என்று பூசாரி பதறினார். "தாய்மாமன் மடியில்ல வேணும்?"

"ஒன்னுவிட்ட அண்ணந்தம்பி எவனாச்சும் இருப்பான், கூப்பிடு மருமகளே" என்றார் பெரியப்பா.

"எவனும் வேணாம் மாமா. மாமன் பொறந்த வயித்துலதான் நானும் பொறந்தேன். எம்மடி போதும்."

அவள் சத்தம் போடவில்லை. ஆனால் பந்தலில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. நாவிதர் கத்தியை எடுத்தார். ஐந்து வருஷ முடி கொத்துக்கொத்தாக அவள் புடவையில் விழுந்தது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசி முடித்ததும் ஆசாரி, "மாமன் சீர்க் கம்மல் எங்கம்மா?" என்று கேட்டார். மீனா மஞ்சள் பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தாள்.

"மாமன் சீரு இல்ல. இது நான் வாங்குனது" என்றாள்.

பிள்ளை வீறிட்டது. இரண்டு காதும் குத்தி முடித்தாயிற்று. நான் திரும்பி ஆற்றைப் பார்த்துக்கொண்டேன்.

முதல் பந்தியில் இலை எடுக்கும்போது கார் வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடி, யானைப் படம் போட்ட பேன்ட், நீட்டிய குச்சி முனையில் போன். செருப்பைக்கூடக் கழற்றாமல் பந்தலுக்குள் வந்துவிட்டான். "எக்கா! முடிச்சிட்டீங்களா? ச்சே!" என்றான். வருத்தம் உண்மையானதுதான், ஆனால் எதற்கான வருத்தம் என்று அடுத்த வாக்கியத்தில் தெரிந்துவிட்டது. "சரி, ஒண்ணும் பிரச்சனை இல்ல. பாப்பாவ ஒருக்க எம்மடில உக்கார வையி. ஆசாரி சும்மா ஊசியக் காதுகிட்டக் கொண்டு வரட்டும். ஒரே ஒரு ஷாட்தான்க்கா."

ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் ஆர்த்திகா அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினாள். "அழுறதும் நேச்சுரலா நல்லாருக்கும்" என்றான் அவன். கையை ஓங்கியிருப்பேன், பெரியப்பா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

மீனா பிள்ளையை என்னிடம் கொடுத்தாள். அழகுமலைக்குத் தானே இலை போட்டாள், தண்ணீர் தெளித்தாள், சோறு வைத்தாள், ஈரலாகப் பொறுக்கி வைத்தாள். மாலை விமானத்தில் அவன் கொழும்பு போகிறான். இலையைப் படம் எடுத்துவிட்டுச் சாப்பிட்டான். எலும்பைக் கடித்துக்கொண்டே கண்டியில் ஒரு ரயில் பயணம் இருப்பதாகச் சொன்னான். அவள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அவன் கை கழுவிவிட்டு வந்ததும், பையிலிருந்து ஒரு ஃபிரிட்ஜ் காந்தத்தை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"ஏங்க, பிளேனுக்கு நேரமாச்சு. பார்ட்டியக் கொண்டுபோய் எறக்கி விட்டுட்டு வந்துருங்க."

அழகுமலை சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றது. "எக்கா..." என்றான். அவள் அதற்குள் அடுத்த பந்திக்கு இலை போடப் போய்விட்டாள்.

இந்த ஒரு சொல் அவள் வாயிலிருந்து வர வேண்டும் என்று ஐந்து வருஷம் காத்திருந்தேன். வந்தபோது சந்தோஷமாக இல்லை. அவளுக்கு இனிமேல் பிறந்த வீடு கிடையாது. ஷாகிரைச் சாப்பிடச் சொல்லிவிட்டு நானே காரை எடுத்தேன். எப்போதும் பார்ட்டிக்குச் செய்வதுபோல் இறங்கி வந்து பின்கதவைத் திறந்துவிட்டேன். ஒரு நிமிஷம் முன்சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான், பிறகு பின்னாலேயே ஏறிக்கொண்டான்.