காலை ஏழரை மணிப் படம்

மூன்று நாட்களாகத் தங்கையின் ரத்த அழுத்தம் எனக்குத் தெரியவில்லை. கடைசியாகப் பார்த்தது 144-க்கு 92. அவளுக்கு இது ஏழாவது மாதம்.

தெரியாமல் போனதற்குக் காரணம் என் போனில் வந்த ஒரு அப்டேட். அதுவரை தெரிந்துகொண்டிருந்தது எப்படி என்று சொல்லத்தான் எனக்குக் கூசுகிறது.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நானும் அவளும் ஒரு படத்தொகுப்பு தொடங்கினோம். அவள் வேறு ஊரில் இருந்தாள். நான் எடுக்கும் மருந்துச் சீட்டு, ஸ்கேன், அப்பா தொடாமல் ஒதுக்கிய தட்டு எல்லாம், அனுப்பு என்று எதையும் அமுக்காமலே, அவள் போனில் போய் விழும். அவள் எடுப்பது என் போனில் விழும். கடைசி வாரத்தில் மட்டும் நான் படம் எடுப்பதை நிறுத்திவிட்டேன். அவளுக்கு அப்போது இரண்டாவது மாதம். அதற்கு முன்பு ஒரு கரு கலைந்திருந்தது. இந்த நிலைமையில் அவள் பயணம் செய்ய வேண்டாம் என்று நானாகவே முடிவு செய்து, "அப்பா நல்லாத்தான் இருக்கார்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தாள்.

"தெரிஞ்சே சொல்லாம இருந்திருக்கீங்க," என்றாள்.

பேச்சு வந்த நாளிலிருந்து என்னை 'நீ' என்றே கூப்பிட்டவள். அந்த 'ங்க'வோடு என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

தொகுப்பை நிறுத்த மட்டும் மறந்துவிட்டாள். போனில் எது வந்தாலும் படிக்காமல் 'சரி'யை அமுக்குகிறவள் அவள். நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. என் பக்கத்திலிருந்து ஒரு படம் போனால்கூட அவளுக்கு ஞாபகம் வந்துவிடும் என்று ஐந்து மாதமாக என் போனில் எதையும் படம் எடுக்காமல் இருந்தேன். அவளுடையது வந்துகொண்டே இருந்தது. கூரையில் நீர்க்கசிவு. புதுத் திரைச்சீலை. செருப்புக்குள் அடங்காமல் வீங்கிய பாதம். பிறகு தினமும் காலை ஏழரைக்கு, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் எண்கள்.

ஒருநாள் தொகுப்பின் பட்டியலில் மூன்றாவதாக ஒரு பெயர் சேர்ந்தது: 'கிளினிக் நர்ஸ்'. அதற்கு மேலேயே என் பெயர் இருந்தது. அதைப் பார்க்காமலா சேர்த்திருப்பாள் என்று அன்று முழுக்க யோசித்தேன். பார்த்திருக்க மாட்டாள். கிளினிக்கில் கொடுத்த அட்டையையும் படம் எடுத்திருந்தாள். 'காலை அளவின் படம் தினமும் எங்களுக்கு வர வேண்டும். கவலைப்படும்படி இருந்தால் நாங்களே அழைப்போம்.' கிளினிக்கின் பெயரும் எண்ணும் அதில் இருந்திருக்கும். நான் அதையெல்லாம் படிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை என் போன் தானாக அணைந்து, தானாக எழுந்தது. திரையில் வண்ண வண்ணமாக ஒரு அறிவிப்பு. உங்கள் அனுபவத்தை எளிமையாக்க, தானியங்கிப் பகிர்வு நீக்கப்பட்டுள்ளது. இனி நீங்களே படங்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பலாம். கீழே ஒரே ஒரு பொத்தான்: சரி. அதை அமுக்கியதும் தொகுப்பு, பழைய படங்களோடு, காணாமல் போனது.

நான் செயற்கைப் பல் உறைகள் செய்யும் கூடத்தில் வேலை செய்கிறேன். பல் டாக்டர்கள் அனுப்பும் படத்தைப் பார்த்து, பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு ஏற்றபடி பீங்கான் பூசி, உலையில் வைத்து எடுப்பது என் வேலை. நிறத்தில் நான் தவறுவதில்லை என்று ஒரு பெயர் உண்டு. அந்த மூன்று நாட்களில் இரண்டு உறைகள் ஒரு படி மங்கலாக வந்தன.

"யாருக்கு இது, புகையிலை மெல்றவருக்கா?" என்றார் பாலிஷ் அண்ணன். கூடத்தில் கடைசி மெருகு போடுகிறவர். எங்கள் போன்களுக்கும் அவர்தான் வைத்தியர். என் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பழையபடி ஆக்க முடியாதா அண்ணே?"

"முடியாதும்மா. அப்டேட்னா என்னன்னு நெனச்ச? நல்லா ஓடுற வண்டிய நிறுத்தி, சக்கரத்தக் கழட்டிட்டு, புது ஹாரன் மாட்டித் தர்றது. நாம ஹாரன் அடிச்சுக்கிட்டே நிக்கணும்."

அந்தக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். உங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது என்று ஒரு பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அதே பதில், அதே கமாவோடு.

"அப்படி என்ன படம் அதுல? தங்கச்சிதானே, அனுப்பச் சொல்லிக் கேட்டா ஆச்சு."

"நாங்க பேசறதில்லண்ணே."

"பேசாதவ எதுக்கு உனக்குப் படம் அனுப்பறா?"

நான் மங்கலாக வந்த உறையை எடுத்துப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு போனைத் துடைத்து, மேசையில் மெதுவாக வைத்தார்.

"அந்த வசதிய எல்லாருக்கும்தான் எடுத்துட்டான். உனக்கு மட்டும்னு நெனைக்காத," என்றார், ஆறுதலாக.

எல்லாருக்கும். மூன்று நாளாக நான் என் இழப்பை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த நர்ஸுக்கும் படம் போகவில்லை. எத்தனையோ கர்ப்பிணிகளில் ஒருத்தியின் படம் வராததை அவள் கவனித்திருப்பாளா? தங்கை வந்த அறிவிப்பைப் படிக்காமல் 'சரி' அமுக்கியிருப்பாள். தினமும் ஏழரைக்குப் படம் எடுத்து வைத்துவிட்டு, கிளினிக்கிலிருந்து அழைப்பு வராததால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பாள். அவள் கணவர் கப்பலில். வீட்டில் வேறு யாரும் கிடையாது. அந்த எண்களை இப்போது ஒருவரும் பார்க்கவில்லை என்பது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அழைத்தால், இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொல்ல வேண்டும். சொன்னால் இனி எந்தக் காலத்திலும் பேசமாட்டாள். வேறு ஏதாவது சாக்குச் சொல்லலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். கனவு கண்டேன் என்று சொல்லலாமா? மறுபடியும் அவளுக்காக நானே முடிவெடுக்க உட்கார்ந்திருக்கிறேன் என்பது உறைத்தபோது, கை ஏற்கெனவே அவள் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தது.

உலைக்குப் பக்கத்தில் நின்று அழைத்தேன். ஆறாவது முறை மணி அடித்தபோது எடுத்தாள்.

"சொல்லுங்க."

"உன் பிரஷர் படம் நர்ஸுக்குப் போகல. திங்கட்கிழமையிலேர்ந்து."

பின்னணியில் ஓடிய டிவியின் சத்தம் நின்றது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் வந்துட்டிருந்தது. அப்பாவுக்காகப் போட்டோமே, அதே தொகுப்பு. நான் நிறுத்தல. தினமும் பாத்தேன்."

"அஞ்சு மாசமாவா?"

"ஆமா."

"என் வீடு, என் காலு, எல்லாம் பாத்தியா?" குரல் உடைந்தது. "இதுவும் தெரிஞ்சே சொல்லாம இருந்திருக்க. உனக்கு இதே பொழப்பா?"

"திட்டு. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் திட்டு. இன்னிக்குக் காலையில எவ்வளவு?"

"வெச்சிடறேன்."

"எவ்வளவுன்னு சொல்லிட்டு வை."

"நூத்தி அம்பத்தாறு. கீழ நூறு. அவங்க கூப்பிடல, அதான் சரின்னு இருந்தேன்."

"தலைவலி?"

"நேத்துலேர்ந்து. வெயில்ல நடந்தேன், அதனாலயா இருக்கும்."

"கண்ணு?"

"ஓரத்துல ஏதோ மின்னுது. லைட்டு சரியில்லன்னு பல்ப கூட மாத்திட்டேன்."

பல்பை மாற்றினாளாம். வயிற்றைத் தள்ளிக்கொண்டு நாற்காலியில் ஏறியிருப்பாள்.

"ஆம்புலன்ஸக் கூப்பிடு. இப்பவே. நான் கிளம்பறேன்."

"நீ வராத."

"சரி, உள்ள வரல. ஆஸ்பத்திரி வாசல்லயே நிக்கறேன். நீ கூப்பிடு."

வைத்துவிட்டாள். நான் மேலங்கியோடு தெருவில் இறங்கினேன். பாலிஷ் அண்ணன் பின்னாலேயே ஓடிவந்து என் பையைக் கையில் திணித்தார், எதுவும் கேட்கவில்லை. அவள் ஊருக்கு இரண்டரை மணி நேரப் பயணம். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கூப்பிட்டிருப்பாளா, கோபத்தில் படுத்துவிட்டிருப்பாளா? நானே அழைத்துவிடலாமா? பேச்சு நின்ற பிறகு அவள் மாறிப்போன வீட்டின் முகவரி என்னிடம் இல்லை. திரைச்சீலையின் நிறம் தெரியும், கூரைக் கறையின் வடிவம் தெரியும், கதவு எண் தெரியாது. ஐந்து மாதம் பார்த்ததில் ஒரு உருப்படியான விஷயம்கூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இருபத்திரண்டு நிமிடம் கழித்து அவளே அழைத்தாள். வண்டியின் இரைச்சல் கேட்டது.

"ஏத்திட்டாங்க," என்றாள்.

"நான் பஸ்ல..."

"பேசாத. உன் குரல் கேட்டா கோவம் வருது." சற்று விட்டுச் சொன்னாள்: "வெச்சிடாத."

நான் பேசவில்லை. வைக்கவுமில்லை. எதிர் இருக்கைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காதில், கதவு திறக்கிற சத்தம், சக்கரங்கள் தடதடப்பது, யாரோ அவள் வயதைக் கேட்பது. பிறகு ஒரு பெண் குரல்: "கூட யாரும்மா வந்திருக்காங்க?"

சக்கரங்கள் நின்றன.

"அக்கா," என்றாள். "வழியில இருக்கா."

கருவியின் பட்டை கையில் இறுகி, காற்று சீறி இறங்கும் சத்தம் கேட்டது. அவர்கள் எண்ணைச் சொல்வதற்காக நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தேன்.